ஒரே மாதிரி இரண்டு படகுகள்

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் பத்து ஏக்கருக்குக் குறையாத ஏரிகள் மட்டும் 11,842 இருக்கின்றன. அங்கே ரிச்மண்ட் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், 1952-ல், ஆம்ப்ரோஸ் வீரெஸ் என்ற விவசாயி இரும்புப் பீப்பாய்களை இரண்டு வரிசையாகப் பற்றவைத்து, மேலே மரத்தளம் போட்டு ஏரியில் விட்டார். தண்ணீரில் ஒரு திண்ணை! பான்டூன் படகு அப்படித்தான் பிறந்தது. இன்று பீப்பாய் போய் அலுமினியக் குழாய் வந்துவிட்டது. சுற்றிலும் கம்பி அடைப்பு, சோபா, வெயிலுக்கு மடக்குக் கூரை. அதிகம் ஆடாது என்பதால் பாட்டியும் பேரனும் பயமில்லாமல் ஏறலாம்.

புதிதாக வாங்கினால் விலை கையைக் கடிக்கும். ஆகவே பழைய படகு தேடுகிறவர்கள் அங்கே ஏராளம். ஒரே நீளம், ஒரே வயது, விலையிலும் பெரிய வித்தியாசமில்லாத இரண்டு படகுகள் எதிரே நின்றால் எதை எடுப்பது?

பலருக்குக் கண் முதலில் போவது இருக்கைகளின் மீது. கிழிந்த மெத்தைக்குப் புது உறை போட்டுவிடலாம்; தளம்தான் ஆளைக் கவிழ்க்கும். பெரும்பாலான படகுகளில் கார்ப்பெட்டுக்கோ வினைலுக்கோ அடியில் இருப்பது பிளைவுட். அது ஊறி உளுத்திருந்தாலும் மேலே தெரியாது. செருப்பைக் கழற்றிவிட்டு, கதவோரம், மூலைகள், மோட்டாருக்கு முன்பக்கம் என்று அழுத்தி நடந்து பார்க்க வேண்டும். எங்காவது கால் அமுங்கினால் பெரிய செலவு: இருக்கை, அடைப்பு எல்லாவற்றையும் கழற்றினால்தான் பலகையை மாற்ற முடியும்.

குழாயில் சின்ன நசுங்கல் இருந்தால் கவலையில்லை. பற்றவைத்த இடத்தில் விரிசல் இருந்தால் யோசிக்க வேண்டும். உள்ளே தண்ணீர் புகுந்த குழாய், படகை ஒரு பக்கம் சாய்த்துக் காட்டிவிடும். எனவே ஏரியில் இறக்கிக் காட்டாத படகுக்கு முன்பணம் கொடுக்காமலிருப்பது நல்லது. மூன்று குழாய் வைத்த படகு அதிக பாரம் தாங்கும், அலையிலும் நன்றாக ஓடும். சின்ன ஏரியில் மெல்ல உலா வரும் குடும்பத்துக்கு அது வீண் பெருமை.

உண்மையான பணம் மோட்டாரில் இருக்கிறது. படகு ஒன்றேயானாலும், 40 குதிரைத்திறனுக்கும் 90-க்கும் உள்ள வித்தியாசம் பத்துப் பேர் ஏறியதும் தெரிந்துவிடும். பிள்ளைகளை ரப்பர் டியூபில் ஏற்றி இழுக்க ஆசையென்றால் சிறிய மோட்டார் திணறும். பார்க்கப் போகும்போது மோட்டார் ஏற்கெனவே சூடாக இருந்தால் சந்தேகப்படலாம். குளிர்ந்த நிலையில் கிளம்ப மறுப்பதை மறைக்க அது பழைய தந்திரம். கியர் ஆயில் பால் கலந்தது போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது. கம்ப்ரஷன் அளந்தால் எல்லா சிலிண்டர்களிலும் ஏறக்குறைய ஒரே அளவு வர வேண்டும்.

விற்பவர் சொல்லும் வயதையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. அமெரிக்கப் படகுகளில் பின்பக்க வலது ஓரத்தில் எழுத்தும் எண்ணும் கலந்த 12 இடக் குறி உண்டு. 1980-களின் நடுவிலிருந்து வந்தவற்றில் அதன் கடைசி இரண்டு எண்கள் மாடல் ஆண்டு.

கூடவே வரும் டிரெய்லரைப் பலர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அதன் டயரிலும் நான்கு எண்கள் அச்சாகியிருக்கும். 2318 என்றிருந்தால் 2018-ஆம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. தேய்மானம் குறைவாகத் தெரிந்தாலும் வருடக்கணக்கில் வெயிலில் நின்ற ரப்பரில் வெடிப்பு விட்டிருக்கலாம். புது டயர்களின் விலையை அங்கேயே பேரத்தில் கழித்துக்கொள்ளலாம்.