உறைவோர்க்கு ஏற்ற உறையுள்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்பது நம் நாட்டுப் பழமொழி. செங்கல்லும் சுண்ணாம்பும் அறியாத தமிழாசிரியராகிய எம்மை வீட்டைப்பற்றிப் பேசுமாறு காரியதரிசியவர்கள் பணித்தபோது முதலில் தயங்கினோம். வீடு கட்டுங் கலையில் எமக்குத் தேர்ச்சியில்லை. ஆயினும் நல்ல வீட்டைக் கெடுத்துக் கட்டிய அனுபவம் உண்டு. அது பிறர்க்குப் பயன்படுமாயின் நன்றென்று கருதியே ஈண்டு நிற்கின்றோம். குற்றம் பொறுத்துக் குணங்கொள்ளுமாறு வேண்டுகின்றோம்.

யாம் சொல்லப்புகுவது ஒன்றே. மனையை அளக்குமுன் அம்மனையில் வாழ்வாரை அளத்தல் வேண்டும் என்பதே அது.

தமிழில் மனை என்னுஞ் சொல் வீட்டைக் குறிக்கும், மனைவியையும் குறிக்கும். இல் என்பதும் அவ்வாறே. உறையுளையும் உறைவோரையும் ஒரு சொல்லாற் சுட்டியது நம் மொழி. பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில் அரண்மனை வகுத்த செய்தி வருகின்றது. சிற்பநூல் வல்லார் நண்பகலிற் கோல் நாட்டி, நிழலால் திசையறிந்து, கயிறிட்டு அளந்து, அங்கு வாழும் அரசர்க்குப் பொருந்துமாறு அதனை வகுத்தனர் என்பது நக்கீரர் கூறும் கருத்து. கோலும் கயிறும் கருவிகள். வாழ்வார்க்குப் பொருந்துதலே பயன். அரசர்க்கு உரிய இம்முறை நமக்கும் உரியதன்றோ?

இம்முறை பிழைத்தாற் பெருங்கலைஞர் கட்டிய வீடும் வீடாகாது. பிரான்சு நாட்டில், பாரிசு நகரின் அருகேயுள்ள புவாசியில், லெ கொர்புசியே என்னும் பெயர்பெற்ற கட்டடக் கலைஞர் சவோய் குடும்பத்தார்க்கு ஒரு மாளிகை வகுத்தார். அது 1931-இல் முடிவுற்றது. மெல்லிய தூண்களின்மேல் வெண்ணிறப் பேழைபோல் நிற்கும் அதன் அழகை உலகம் இன்றும் வியக்கின்றது. 2016-இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலிலும் அது இடம்பெற்றது. ஆனால், தட்டையான கூரைவழியே மழைநீர் ஒழுகிற்று. வீட்டுத்தலைவியார் கடிதத்தின்மேற் கடிதம் எழுதி முறையிட்டார். 1940-இல், போர்க்காலத்தில், அக்குடும்பத்தார் அதனை விட்டு நீங்கினர். காண்பார்க்குக் கலையாகவும் வாழ்ந்தார்க்குக் கவலையாகவும் இருந்தது அம்மாளிகை.

அந்நாட்டிலேயே, போர்தோ நகரின் அருகில், 1998-இல் முடிவுற்ற மற்றொரு வீடு உண்டு. மோட்டார் விபத்தினால் நடக்கவியலாது சக்கர நாற்காலியில் வாழ்ந்த ஒருவர்க்காக ரெம் கூல்ஹாஸ் என்னும் டச்சுக் கலைஞர் அதனை வகுத்தார். மூன்று நிலைகள் கொண்ட அவ்வீட்டின் நடுவே ஓர் அறையளவான மேடை மேலும் கீழும் இயங்குகின்றது. அவர் எழுதும் மேசை அம்மேடைமீதே அமைந்தது. மேடை செல்லும் வழியெல்லாம் புத்தக அலமாரி ஓங்கி நின்றது. ஏனையோர் படியேறுவர், அவரோ தம் அறையோடு ஏறுவார். அவருடைய குறையை ஒரு மூலையில் ஒதுக்காமல் அதனையே வீட்டின் நடுவாக வைத்தமை காண்க.

இவை செல்வர் செய்திகள், நமக்கென்ன என்பீராயின், அண்டை நாடாகிய மலையாளத்தை நோக்குவோம். 1917-இல் இங்கிலாந்திற் பிறந்து, திருவனந்தபுரத்தில் நெடுங்காலம் வாழ்ந்து, 2007-இல் மறைந்த லாரி பேக்கர் எளியோர்க்கு வீடு கட்டிய பெரியார். செங்கல்லைக் கிடத்தாது நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுச் சுவரெழுப்பும் 'எலிப்பொறிக் கட்டு' என்னும் முறையை அவர் பரப்பினார். அதனால் ஏறத்தாழ நாலிலொரு பங்கு செங்கல் மிஞ்சும். சுவரினுள் நிற்குங் காற்று வெப்பத்தையுந் தடுக்கும். பணமின்மை பொருத்தமின்மைக்குக் காரணமாகாது என்பதற்கு அவர் பணியே சான்று.

இனி எம் பிழையைக் கூறுவோம். எம் பாட்டனார் கட்டியது ஓட்டுவீடு. முன்னே அகன்ற திண்ணை, நடுவே முற்றம். காலத்துக்கேற்பப் புதுக்குவோம் என்று எண்ணி, திண்ணையை இடித்து வண்டி நிறுத்த இடம் செய்தோம். முற்றத்தைக் காங்கிரீட்டால் மூடிக் கூடத்தைப் பெரிதாக்கினோம். முகம் பார்க்கத்தக்க வழுவழுப்பான கற்களைத் தரையிற் பதித்தோம். எம் தந்தையாருக்கு மாடியிற் காற்றோட்டமான அறை ஒதுக்கினோம். மேஸ்திரியைக் கேட்டோம்; மைத்துனரைக் கேட்டோம்; அண்டை வீட்டாரையுங் கேட்டோம். எம் தந்தையாரைக் கேட்டோமில்லை.

புதுமனை புகுவிழாவிற்கு வந்தோரெல்லாம் புகழ்ந்தனர். அப்போது எம் தந்தையாருக்கு அகவை 78. திண்ணையிலிருந்து தெருவிற் செல்வாரை அழைத்து நலம் வினவிய அவர், மாடியறையிற் பேச்சின்றி இருந்தார். படியிறங்க அஞ்சி இருவேளை உணவையும் மேலேயே கொண்டார். மழைக்காலத்து ஓரிரவு குளியலறையில் வழுக்கி வீழ்ந்தார், இடுப்பெலும்பு முறிந்தது. மருத்துவமனையில் எம் தாயார், "வீடு பெரிதாகத்தான் கட்டினாய், தம்பி, அவர் உட்கார ஓரிடம் கட்டவில்லையே" என்றார்கள். யாம் விடை கூறவில்லை. கூறுதற்கு ஒன்றுமில்லை.

அவர் வீடு திரும்புமுன் மறுபடியும் கொத்தனாரை அழைத்தோம். கீழே ஓர் அறையும் அதனையடுத்துக் குளியலறையும் அமைத்தோம். தடுக்கும் நிலைப்படியை நீக்கிக் கதவை 3 அடி அகலமாக்கினோம். சுவரிற் கைப்பிடி பதித்துச் சொரசொரப்பான கல்லிட்டோம். வாயிலில் ஓரடி உயரத்திற்கு 12 அடி நீளமாகச் சாய்தளம் செய்தோம். மூடிய முற்றத்தின்மேல் ஒரு பகுதியைத் திறந்து, வெளிச்சம் வரக் கண்ணாடியும் வெப்பம் வெளியேறப் பக்கத்திற் பலகணியும் வைத்தோம். வண்டி நிற்கும் இடத்தின் ஓரத்தில் ஒடுங்கிய திண்ணையொன்று கட்டினோம். இரண்டாம் முறை செய்த செலவு, முதன்முறையே அவரைக் கேட்டிருப்பின் நேர்ந்திராது. அத்திண்ணையில் எம் தந்தையார் 14 மாதம் அமர்ந்திருந்தார். பழைய திண்ணையின் அகலம் அதற்கில்லை. அவர் குறை கூறவுமில்லை.

ஆதலின் அன்பர்களே, வீடு கட்டுவோரும் புதுக்குவோரும் இஞ்சினியரிடம் செல்லுமுன், வீட்டார் ஒவ்வொருவரும் விடியல்முதல் இரவுவரை எங்கிருந்து எங்கே நடக்கின்றனர் என்று ஒரு தாளில் எழுதுக. கிழவரையுங் குழந்தையையும் கேட்க. அடுப்பங்கரை மேடையைச் சமைப்பவரின் முழங்கைக்கு நாலைந்து அங்குலம் கீழாக அமைக்க. ஆடவர் நின்று அளந்த மேடையாற் பெண்டிர் தோள் வருந்துகின்றது. படிகளை 6 அங்குல உயரத்திற்கு மிகாமல் அமைக்க. பழைய சுண்ணாம்புச் சுவரைச் சுண்ணாம்பாலேயே பழுதுபார்க்க. சிமெண்டுப் பூச்சு ஈரத்தை உள்ளடக்கிச் சுவரை உதிர்க்கும்.

அடுக்குமாடியில் வாழ்வோர்க்குப் பிறிதொரு கடமையுமுண்டு. அங்கே நம் தரை பிறர்க்குக் கூரை. தூணையும் உத்தரத்தையும் தொடலாகாது. இடைச்சுவரையும் இஞ்சினியர் ஆராய்ந்து இசைந்தபின்னரே நீக்குக. குளியலறையை இடம் மாற்றினால் நீர் கீழ்வீட்டிற் கசியுமாதலின் அண்டையாரையும் கலந்துகொள்க.

வீடு ஒருமுறை கட்டுவது. அதில் வாழ்வாரோ ஆண்டுதோறும் மாறுபவர். இன்று ஓடியேறும் படியில் நாமும் ஒருநாள் கைப்பிடி தேடுவோம். அதனை நினைந்து கட்டுவோமாக. நம்முள் யாரேனும் இக்கூட்டம் முடிந்து வீடு சென்றதும், முதியோர் அருகமர்ந்து, "உங்களுக்கு இவ்வீட்டில் எது இடராக இருக்கின்றது?" என்று ஒரு வார்த்தை கேட்பாராயின் எம் சொற்பொழிவு பயனுடையதாகும்.