மேசைமேல் ஓர் இருப்புப்பாதை



அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் பயணிகள் ஏறிச் செல்லும் இருப்புப்பாதை இல்லை. காட்டில் வெட்டிய மரங்களைக் கொண்டு வருவதற்காக ஆங்கிலேயர் காலத்தில் டிராம் தண்டவாளங்கள் போடப்பட்டதுண்டு. அவை மரத்துக்காக ஏற்பட்டவை, மனிதருக்காக அல்ல. ஆகவே இங்குப் பிறந்து வளரும் தமிழ்க் குழந்தைக்குக் கப்பல் தெரியும், விமானம் தெரியும். ரயிலோ, சென்னையில் கரையேறிய பின்னரே காணக் கிடைக்கும் அதிசயம். 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேரில், இத்தகைய சிறுவன் ஒருவன் என்னிடம், “ரயிலுக்குச் சுக்கான் எங்கே இருக்கும்?” என்று வினவினான். அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் முயற்சியே என் வீட்டுச் சுவரோரம் ஒரு சிறு ரயில் பாதையாக உருவெடுத்தது. அத்தகைய மாதிரிப் பாதையை அமைக்கும் கலையைப் பற்றி இன்று சில சொற்கள் கூற விழைகின்றேன்.

மாதிரி அமைப்போர் முதலில் தீர்மானிக்க வேண்டியது, எந்தப் பாதையை அமைப்பது என்பதாகும். பெரிய சந்திப்புகளும் விரைவு வண்டிகளும் கண்ணைக் கவரும். ஆயினும் வீட்டில் அடங்குவது சிற்றூர்ப் பாதையே. நான் தேர்ந்தது மாயவரத்திலிருந்து, அதாவது இன்றைய மயிலாடுதுறையிலிருந்து, தரங்கம்பாடி வரை சென்ற கிளைப்பாதை. 1926இல் திறக்கப்பெற்று, செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையாறு வழியாகச் சுமார் 30 கிலோமீட்டர் ஓடிய அந்த மீட்டர் பாதை 1986இல் மூடப்பட்டது. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் அதனை இன்றும் ‘நம் வண்டி’ என்றே குறிப்பிடுவர்.

தீவில் வாழ்வோருக்கு இப்பாதை முற்றிலும் அயலானதன்று. தரங்கம்பாடியும் போர்ட் பிளேரும் 11 பாகைக்கும் 12 பாகைக்கும் இடைப்பட்ட அட்சத்தில், வங்கக் கடலின் இரு பக்கங்களிலும் எதிரெதிரே உள்ளவை. 1620 முதல் தரங்கம்பாடியில் கோட்டை கட்டி வாழ்ந்த டேனியர், 1750களில் அங்கிருந்தே நிக்கோபாருக்குக் குடியேறச் சென்றனர். காய்ச்சல் அவர்களை வாட்டியது, குடியேற்றம் நிலைபெறவில்லை. தரங்கம்பாடியை 1845இலும், நிக்கோபார் மீதிருந்த உரிமையை 1868இலும் அவர்கள் ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தனர். நமக்கு முன்பே அந்தச் சிற்றூரிலிருந்து இத்தீவுகளுக்கு வந்து, தங்க மாட்டாமல் திரும்பியவர்கள் உண்டு என்று எண்ணிப் பார்க்கையில், நம்முடைய குடியேற்றத்தின் அருமை விளங்குகிறது.

இனி, அளவைக் காண்போம். மாதிரி ரயில்களில் உலகெங்கும் பெருவழக்காயுள்ளது 87இல் ஒரு பங்கு என்னும் அளவு. மீட்டர் பாதையில் இரு தண்டவாளங்களுக்கும் இடையே 1,000 மில்லிமீட்டர் இடைவெளி. அதனை 87ஆல் வகுத்தால் 11.5 மில்லிமீட்டர் வரும். 12 மில்லிமீட்டர்த் தண்டவாளம் விலைக்குக் கிடைப்பதால் நம் வேலை எளிதாகிறது. ஏறத்தாழ 19.5 மீட்டர் நீளமுள்ள பயணிப் பெட்டி, 22 சென்டிமீட்டராகச் சுருங்கும். ஆனால் 30 கிலோமீட்டர்ப் பாதையை இதே அளவில் சுருக்கினாலும் 345 மீட்டர் வேண்டும்! அரசாங்கக் குடியிருப்பில் அதற்கு இடம் ஏது?

இவ்விடத்தில் என் தொழில் எனக்குக் கைகொடுத்தது. மொழிபெயர்ப்பாளன் மூலத்தின் ஒவ்வோர் ஓசையையும் மறுமொழிக்குக் கொண்டு செல்ல முடியாது. எதை விட்டாலும் பொருள் கெடாது, எதை விட்டால் கெடும் என்று அறிந்து தேர்வதே அவன் பணி. மாதிரி அமைப்பதும் அத்தகையதே. நான் எட்டடி நீளமும் இரண்டடி அகலமும் உள்ள பலகையில், பாதை முடியும் ஊராகிய தரங்கம்பாடியை மட்டும் வைத்துக்கொண்டேன். மற்ற ஊர்கள் யாவும் பலகையின் மறுகோடியில் ஒரு தட்டிக்குப் பின்னால் மறைந்துள்ளன. தெருக்கூத்தில் திரைக்குப் பின் நிற்கும் வேடதாரியைப்போல், வண்டி அங்குக் காத்திருந்து, தன் நேரம் வந்ததும் வெளிப்படுகிறது.

பாதை முடியும் நிலையத்தில் ஒரு சிறப்பு உண்டு. வந்த எஞ்சின் வண்டியின் தலைப்பில் அகப்பட்டுக்கொள்ளும். அதனைக் கழற்றி, பக்கத்திலுள்ள இணைபாதை வழியே மறுமுனைக்குக் கொண்டு சென்று பூட்டினால்தான் வண்டி திரும்ப முடியும். சிறுவர்கள் மிகவும் விரும்பி வேடிக்கை பார்ப்பது இக்காட்சியையே. சுக்கான் பற்றிய வினாவுக்கும் இங்கே விடை கிடைக்கிறது. சக்கரத்தின் உள்விளிம்பில் ஒரு வரம்பு இருக்கிறது. அது சக்கரத்தைத் தண்டவாளத்தை விட்டு விலகாமல் காக்கிறது. வண்டிக்கு வழிகாட்டுவது பாதையே. பாதை பிரியுமிடத்தில் வழியைத் தேர்வது, தரையில் நகரும் கூர்முனைத் தண்டவாளம். இதைக் கையில் எடுத்துப் பார்த்த சிறுவன், “அப்படியானால் ஓட்டுநர் நினைத்த பக்கம் போக முடியாதா?” என்றான். ரயிலின் இயல்பை இதைவிடச் சுருக்கமாக யாரும் கூறிவிட முடியாது.

தீவின் தட்பவெப்பம் இக்கலைக்குப் பெரும் பகை. சாதாரண ஒட்டுப்பலகை ஈரத்தில் உப்பிப் பிரியும். ஆகையால் படகு வேலைக்குரிய ஒட்டுப்பலகையே ஏற்றது. கறையானுக்கு அஞ்சி அதன் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தலாம். இரும்புத் தண்டவாளம் உப்புக்காற்றில் துருப்பிடிக்கும். செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த உலோகத்தாலான தண்டவாளமே நிலைக்கும். எஞ்சினுக்கு 12 வோல்ட் நேர்மின்சாரம் தண்டவாளத்தின் வழியே சக்கரங்களுக்கு ஏறுகிறது. மின்னோட்டத்தின் திசையை மாற்றினால் எஞ்சின் பின்னோக்கிச் செல்லும். தண்டவாளத்தில் மெல்லிய படலம் படிந்தாலும் மின்சாரம் தடைப்படும் என்பதால், ஓட்டுவதற்கு முன் பென்சில் அழிக்கும் ரப்பரால் துடைத்துவிட வேண்டும்.

காவிரிப் படுகை சமவெளியாதலின் ஏற்ற இறக்கங்கள் தேவையில்லை. நெல்வயல், வாய்க்கால், அதன்மேல் ஒரு சிறு பாலம், வரப்பில் பனைமரங்கள், ஓட்டுக்கூரை வேய்ந்த நிலையம், மஞ்சள் பலகையில் கறுப்பெழுத்தில் ஊர்ப்பெயர்: இவை போதும். நடைமேடையில் திருக்கடையூருக்கு மணிவிழாக் காணப் புறப்படும் ஒரு குடும்பத்தையும் நிறுத்தியிருக்கிறேன்.

ஒன்றை மட்டும் வற்புறுத்திக் கூற விரும்புகிறேன். ஊரை விட்டு வந்தோர் ஊரை நினைக்கும்போது, கசப்பை நீக்கி இனிப்பை மட்டும் வைத்துக்கொள்வது இயல்பு. என் மாதிரியில் ரயில் பாதையை ஒட்டி ஒரு சாலை செல்கிறது. அதில் ஒரு பேருந்து நிற்கிறது. அதனை எடுத்துவிடும்படி நண்பர்கள் பலர் கூறினர். நான் இசையவில்லை. ஊருக்குள்ளேயே வந்து, நினைத்த நேரத்தில் ஏற்றிச் சென்ற அந்தப் பேருந்துக்கு மக்கள் மாறினர். கிளைப்பாதையின் வருவாய் குன்றியது. அது நின்ற காரணம் கண்முன் இராவிட்டால், அப்பாதை மீண்டும் வரவேண்டுமென்று அப்பகுதி மக்கள் இன்று எழுப்பும் கோரிக்கையையும் நாம் சரிவர எடைபோட இயலாது. உண்மையைச் சுருக்கலாம், திருத்தக் கூடாது.

வெளி மாநிலங்களில் வாழும் நேயர்களும் தத்தம் ஊர்ப் பாதையை இவ்வாறு அமைக்கலாம். விலையுயர்ந்த எஞ்சின் இல்லையெனில் அட்டையில் நிலையத்தை மட்டுமேனும் செய்யுங்கள். அதற்குமுன், அதில் பயணம் செய்த பெரியவர்களிடம் அமர்ந்து, மணி எந்தப் பக்கம் தொங்கியது, கிணறு எங்கே இருந்தது, கடைசி வண்டி எத்தனை மணிக்கு வந்தது என்று கேட்டு எழுதிவையுங்கள். 1986இல் இருபது வயதினராயிருந்தவர் இன்று அறுபதை ஒட்டிய வயதினர். பலகையும் பசையும் அடுத்த ஆண்டும் கிடைக்கும். அவர்களுடைய நினைவோ காத்திராது.