செவி வழிக் கற்ற பேராயர்: கால்டுவெல்லும் தென்குமரி உறவும்

கால்டுவெல் என்னும் பெயரைக் கேட்ட அளவில் 'திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்' தமிழர் நினைவில் எழுகிறது. அந்நூலை எழுதியவர் கிறித்தவப் பேராயர் என்பதும் பலர்க்குத் தெரியும். ஆனால் அவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைத் தேரி மணல் சூழ்ந்த ஒரு பனங்காட்டுச் சிற்றூரில் பள்ளி நடத்திக் கழித்தவர் என்பதும், அவர் இல்லறத்தின் வேர் நாகர்கோவிலில் இருந்தது என்பதும் போதிய அளவு பேசப்படவில்லை. பேராயர், ஆசிரியர், மொழியறிஞர் என்று மூன்று கால்டுவெல்களைத் தனித்தனியே பிரித்துக் காண்பது நம் வழக்கமாகிவிட்டது. மூவரும் ஒருவரே. மக்களின் பேச்சுக்குச் செவி கொடுத்த இடங்களில் அவர் பெரும் வெற்றி கண்டார். செவி கொடாமல் தீர்ப்புரைத்த இடங்களில் பிழைபட்டார். அவருடைய பெருமைக்கும் குறைக்கும் இதுவே அளவுகோல் எனலாம்.

பிறப்பும் பயிற்சியும்

இராபர்ட் கால்டுவெல் 7-5-1814 அன்று அயர்லாந்தில் அந்திரிம் நகருக்கு அருகிலுள்ள கிளேடி என்னும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்து நாட்டினர். இளமையில் டப்ளின் நகரில் ஓவியம் பயின்ற அவர், பின்னர்ச் சமயப் பணியில் நாட்டம் கொண்டு 1834இல் இலண்டன் மிஷன் சங்கத்தில் சேர்ந்தார். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கிரேக்க மொழிப் பேராசிரியர் சர் டேனியல் சாண்ட்போர்டின் விரிவுரைகளைக் கேட்டபோது, மொழிகளை ஒப்பிட்டு ஆராயும் வேட்கை அவர் உள்ளத்தில் வேர்கொண்டது. 1838 சனவரியில் சென்னைத் துறைமுகத்தில் இறங்கினார். அவர் வந்த கப்பலிலேயே தெலுங்கு அறிஞர் சி.பி. பிரௌனும் வந்தார். ஓவியரின் கண், கிரேக்கம் பயின்ற அறிவு, தெலுங்கறிஞரின் நட்பு ஆகிய மூன்றும் தமிழ் மண்ணில் கால் வைக்கும் முன்னரே அவருக்கு வாய்த்துவிட்டன.

மூன்று ஆண்டுகள் சென்னையில் தமிழ் பயின்றபின், 1841இல் இங்கிலாந்துத் திருச்சபையின் நற்செய்தி பரப்பும் சங்கத்தில் இணைந்தார். அவ்வாண்டிலேயே சென்னையிலிருந்து புறப்பட்டு, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, நீலகிரி, மதுரை வழியாகப் பெரும்பாலும் கால்நடையாகவே இடையன்குடி வந்து சேர்ந்தார். மக்களையும் அவர்தம் மொழியையும் அருகிருந்து அறிய இதனினும் சிறந்த வழி அவருக்குக் கிட்டியிராது. ஊர்தோறும் மாறும் பேச்சு வழக்கை நடந்து செல்பவன் செவியே நன்கு உணரும்.

நாகர்கோவில் தந்த துணை

இடையன்குடி இன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியில் உள்ளது. நாஞ்சில் நாட்டிற்கு மிகவும் தொலைவன்று. மயிலாடியில் ரிங்கல்தௌபே தொடங்கிய கல்விப் பணியை நாகர்கோவிலில் சார்லஸ் மீடும் சார்லஸ் மால்ட்டும் வளர்த்து வந்த காலம் அது. 1819இல் நாகர்கோவில் வந்த மால்ட்டின் துணைவியார் மார்த்தா அம்மையார் பெண்களுக்கெனப் பள்ளி நடத்தினார். பின்னல் தையலாகிய லேஸ் வேலையையும் கற்பித்தார். திருவிதாங்கூரில் அடிமை முறை நிலவிய காலம் அது. சட்டம் அதனை ஒழித்தது 1855இல்தான். அதற்கு முன்பே அடிமைப் பெண்கள் சிலர், ஊசி பிடித்து ஈட்டிய பொருளைக் கொண்டு தம் விடுதலையைத் தாமே விலைக்கு வாங்கினர்.

அவ்வீட்டின் மகள் எலைசா மால்ட். கால்டுவெல் அவரை 20-3-1844 அன்று நாகர்கோவிலில் மணந்தார். நூல்வழித் தமிழ் கற்று வந்த கணவருக்கு, தென்குமரிப் பேச்சிடையே பழகிச் சரளமாகத் தமிழ் பேசிய மனைவி வாய்த்தார். தாயிடம் கற்ற பள்ளி முறையையும் லேஸ் கலையையும் எலைசா இடையன்குடிக்குக் கொண்டு சென்றார். பெண் பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி அமைத்தார். பெண் கல்வி வழக்கில் இல்லாத ஊரில் தாயர் மனத்தை இசைவிப்பதற்கு இலக்கணத் தமிழ் மட்டும் போதாது. வீட்டுத் தமிழ் வேண்டும். அத்தமிழ் எலைசாவிடம் இருந்தது. கால்டுவெல்லின் வரலாறு எழுதுவோர் இவ்வம்மையாரை ஒரு வரியில் கூறிக் கடந்துவிடுவது நியாயமன்று. கணவர் மறைந்தபின் எட்டாண்டுகள் வாழ்ந்து 1899இல் அவர் காலமானார்.

இடையன்குடியின் ஆசிரியர்

இடையன்குடியில் கால்டுவெல் தெருக்களை ஒழுங்குபடுத்தினார், கிணறுகள் தோண்டினார், மரங்கள் நட்டார். சுற்றியுள்ள ஊர்களில் பள்ளிகள் எழுந்தன. 1847இல் தொடங்கிய திருத்துவ ஆலயத்தின் பணி 1880இல்தான் நிறைவுற்றது. ஓர் ஆலயத்திற்கு முப்பத்து மூன்று ஆண்டுகள் காத்திருந்தவர், ஒரு சொல்லின் வேரைக் காண்பதற்கும் அத்தகைய பொறுமை காட்டியதில் வியப்பில்லை.

'நற்கருணைத் தியானமாலை', 'தாமரைத் தடாகம்' ஆகியவற்றைத் தமிழில் எழுதினார். விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்பைத் திருத்திய குழுவிலும் பணியாற்றினார். கொற்கையில் அகழ்ந்து பழம்பொருள் தேடினார். 1881இல் திருநெல்வேலி வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டார். 1877இல் கல்கத்தாவில் அவரும் எட்வர்ட் சார்ஜெண்டும் துணைப் பேராயர்களாகத் திருநிலைப்படுத்தப்பட்டனர். பேராயர் ஆனபின்னும் கல்விப் பணியை அவர் கைவிடவில்லை. 1883இல் தூத்துக்குடியில் நிலைபெற்ற கல்லூரி அவர் பெயரையே தாங்கியது. இன்று அங்கே கால்டுவெல் மேனிலைப் பள்ளி அப்பெயரைக் காத்து வருகிறது.

ஒப்பிலக்கணத்தின் உள்ளீடு

1856இல் இலண்டனில் வெளியான ஒப்பிலக்கணம், அதன் ஆசிரியர் ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள் தமிழ்நாட்டில் வாழ்ந்ததன் விளைவு. தென்னிந்திய மொழிகள் வடமொழியினின்று பிறந்தவை அல்ல என்னும் கருத்தை முதலில் அச்சேற்றியவர் கால்டுவெல் அல்லர். சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ், 1816இல் கேம்பெல்லின் தெலுங்கு இலக்கணத்திற்கு எழுதிய முன்னுரைக் குறிப்பிலேயே அதனை நிறுவினார். அமெரிக்க அறிஞர் தாமஸ் டிரவுட்மன் 2006இல் வெளியிட்ட நூல் எல்லிசின் பங்கை விரிவாக எடுத்துக்காட்டியது. எனினும் எல்லிஸ் ஊன்றிய வித்தினைப் பெருமரமாக்கியவர் கால்டுவெல்லே.

அவர் கையாண்ட முறை எளியது, உறுதியானது. சொற்களைக் கடன் வாங்கலாம். இலக்கணக் கட்டுமானத்தை அவ்வளவு எளிதில் கடன் வாங்க இயலாது. ஆகவே இடப்பெயர், எண்ணுப்பெயர், வேற்றுமை, வினைத்திரிபு ஆகியவற்றை அவர் ஒப்பிட்டார். தமிழில் 'இரண்டு' என்பது கன்னடத்தில் 'எரடு', தெலுங்கில் 'ரெண்டு', மலையாளத்தில் 'ரண்டு'. வடமொழியின் 'த்வி' இவற்றோடு ஒட்டவில்லை. கேட்பவரை உளப்படுத்தும் 'நாம்', கேட்பவரை விலக்கும் 'நாங்கள்' என்னும் வேறுபாடு இக்குடும்பத்திற்கு இயல்பானது. வடமொழி அதனை அறியாது. 'வந்த மனிதன்' என்று பெயரெச்சத்தால் முடிக்கும் தொடரை வடமொழி இணைப்புப் பெயர் கொண்டு கூறும்.

நாஞ்சில் நாட்டவர் இதனை ஏட்டில் தேட வேண்டியதில்லை. 'நான் வந்தேன், அவன் வந்தான்' என்று ஒரு வீட்டிலும், 'ஞான் வந்நு, அவன் வந்நு' என்று அடுத்த வீட்டிலும் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். மலையாள வினை, இடம் காட்டும் விகுதியை இழந்ததைக் கால்டுவெல் தக்க சான்றாகக் காட்டி, அம்மொழி தமிழினின்று தொன்றுதொட்டுக் கிளைத்துத் திரிந்தது என்று கருதினார். தமிழ் வழங்கும் எல்லையை வரையறுத்தபோது, குமரிமுனை முதல் திருவனந்தபுரத்தின் அண்மை வரையுள்ள தென்திருவிதாங்கூரையும் அதில் சேர்த்தார். 1956 நவம்பர் 1ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. அவ்வெல்லைக் குறிப்பு வெளிவந்து அப்போது சரியாக நூறாண்டு நிறைந்திருந்தது. இணைப்பைப் பெற்றுத் தந்தது மக்களின் போராட்டமே. ஆனால் அம்மக்கள் பேசிய மொழி இன்னது என்பதை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே எழுதி வைத்தவருள் கால்டுவெல்லும் ஒருவர்.

1875இல் வெளியிட்ட இரண்டாம் பதிப்பில் பன்னிரண்டு மொழிகளை அவர் பட்டியலிட்டார். அவற்றுள் ஆறு, எழுத்திலக்கியம் இல்லாதவை. தோடர், கோத்தர், கோண்டர் ஆகியோரின் பேச்சையும் தமிழ், தெலுங்கு ஆகியவற்றோடு ஒரே குடும்பத்தில் அமர்த்தியது சிறிய செயலன்று. ஏடு இல்லாதார் மொழிக்கும் இலக்கணம் உண்டு என்பதைப் பள்ளி ஆசிரியர் ஒருவர் கண்டுணர்ந்தது பொருத்தமே.

பிழைபட்ட இடங்கள்

புகழுரை மட்டும் கூறி அமைவது அறிஞர்க்குச் செய்யும் மரியாதையாகாது. 1849இல் 'திருநெல்வேலிச் சாணார்' என்னும் ஆங்கில நூலைக் கால்டுவெல் வெளியிட்டார். தம்மைச் சூழ்ந்து வாழ்ந்த பனைத்தொழில் மக்களின் வாழ்வையும் வழிபாட்டையும் அதில் அவர் தாழ்வாகச் சித்திரித்தார். மேலைநாட்டாரின் உதவியைத் திரட்டும் நோக்கம் அதற்கு ஒரு காரணமாகலாம். ஆயினும் எழுத்து எழுத்தே. பின்னர் அச்சமூகத்தார் கல்வியில் உயர்ந்தபோது, தம்மைப் பற்றி எழுதப்பட்டதைத் தாமே படித்தனர், வெகுண்டனர், கண்டனம் எழுப்பினர். நூல் திரும்பப் பெறப்பட்டது. அவரும் அவரைப் போன்றோரும் திறந்த பள்ளிகளில் படித்த தலைமுறையே அவர் நூலைத் திருத்தக் கேட்டது. ஓர் ஆசிரியருக்கு இதனினும் கசப்பான தண்டனை இல்லை. இதனினும் உயர்ந்த வெற்றியும் இல்லை.

இலக்கியக் காலக் கணிப்பிலும் அவர் தடுமாறினார். சங்க நூல்கள் ஏட்டுச் சுவடிகளில் உறங்கிய காலத்தில் எழுதியமையால், தமிழிலக்கியத்தை மிகப் பிந்திய நூற்றாண்டுகளில் நிறுத்தினார். சி.வை. தாமோதரம் பிள்ளை கலித்தொகையை 1887இலும், உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை 1889இலும் பதிப்பித்தபின் நிலைமை மாறியது. ஞானசம்பந்தரைப் பதின்மூன்றாம் நூற்றாண்டினராகக் கால்டுவெல் கருதியதை, திருவனந்தபுரத்தில் பேராசிரியராக விளங்கிய மனோன்மணீயம் சுந்தரனார் வலுவான சான்றுகளால் மறுத்தார். அதே சுந்தரனார் 1891இல் வெளியிட்ட நாடகத்தின் தமிழ்த் தெய்வ வணக்கத்தில் திராவிட மொழிக் குடும்பக் கருத்து பாட்டாக மலர்ந்தது. கருத்தை ஏற்கவும் காலக் கணிப்பை மறுக்கவும் ஒருங்கே துணிந்த அந்நெறியே ஆய்வு நெறி. திராவிட மொழிகளைச் சித்திய மொழிகளோடு இணைத்த கால்டுவெல்லின் கொள்கையும் பின்னையோரால் ஏற்கப்படவில்லை. பரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியோ, அவர் இட்ட அடித்தளத்தின்மேல் எழுந்தது.

கவிஞர்க்கு ஒரு சொல்

28-8-1891 அன்று கொடைக்கானலில் கால்டுவெல் உயிர் நீத்தார். உடல் இடையன்குடி ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. 1968இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை எழுந்தது. 2010இல் அஞ்சல் தலை வெளிவந்தது. இவை உரிய சிறப்புகளே.

ஆயினும் கடற்கரைச் சிலையைவிட ஒரு பாடம் நமக்குப் பெரிது. தமிழ் வடமொழியின் துணையின்றித் தனித்தியங்க வல்லது என்று அவர் துணிந்து கூறியது, நிகண்டுகளை மட்டும் புரட்டியதனால் அன்று. பனையேறியின் பேச்சும், பள்ளிச் சிறுமியின் பேச்சும், நாகர்கோவிலிலிருந்து வந்த துணைவியின் தமிழும் நாள்தோறும் அவர் செவியில் விழுந்தன. அச்செவியை அவர் மூடிக்கொண்டபோது, அம்மக்களையே புண்படுத்தும் நூல் பிறந்தது. மக்கள் சொல்லைத் தம் பாட்டில் ஏற்றும் கவிஞர்க்கும் இவ்விரு வழிகளும் திறந்தே உள்ளன. தேரிக்காட்டின் சொல்லையும், வள்ளியாற்றங்கரை வயலின் சொல்லையும், கடற்கரையூர் மீனவர் சொல்லையும் எடுத்தாளும்போது, அச்சொல்லுக்கு உரியவர் ஒருநாள் நம் கவிதையைப் படிப்பார் என்ற நினைவு வேண்டும். அவர் படித்து முகம் மலர்ந்தால் அதுவே நம் எழுத்துக்குக் கிடைக்கும் நற்சான்று.