குளிர்மலை வாழ்வும் மனிதத் தகவமைப்பும்

டில்லியிலிருந்து லடாக்கின் தலைநகரான லே நகருக்கு விமானத்தில் செல்ல ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரமே ஆகும். அச்சிறு பொழுதில் பயணி, கடல்மட்டத்திற்குச் சுமார் 215 மீட்டர் உயரத்திலுள்ள சமவெளியை விட்டு, 3,500 மீட்டர் உயரத்தை அடைந்துவிடுகிறார். அங்குக் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கே. ஒவ்வொரு மூச்சிலும் கிட்டும் பிராணவாயுவும் அந்த அளவுக்குக் குறைகிறது. விமானம் விரைந்து ஏறலாம். உடல் அவ்வாறு ஏற இயலாது.

இவ்வுண்மையை நாடு பெரும் விலை கொடுத்தே கற்றது. 1962-ஆம் ஆண்டுப் போரின்போது, சமவெளியிலிருந்த வீரர்கள் போதிய கம்பளி உடையின்றி, உடலைப் பழக்கிக்கொள்ள அவகாசமுமின்றி உயர்மலைகளுக்கு அனுப்பப்பட்டனர். பகைவரின் குண்டுகளோடு உறைபனிப் புண்ணும் நுரையீரலில் நீர் கோக்கும் நோயும் பலரை வீழ்த்தின. பாதுகாப்புத்துறையின் உடலியல் ஆய்வு நிறுவனம் டில்லியில் தொடங்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். இந்தர் சிங் முதலிய இந்திய மருத்துவர்கள் 1,925 வீரர்களிடம் கண்ட மலை நோயைப் பற்றி 1969-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை உலகெங்கும் மேற்கோள் காட்டப்படுகிறது.

உயரத்தை அடைந்த உடல் முதலில் மூச்சை விரைவாக்குகிறது. இதயத் துடிப்பு மிகுகிறது. சில நாட்களில் சிறுநீரகங்கள் இரத்தத்தின் காரச் சமநிலையைச் சரிசெய்கின்றன. சிவப்பணுக்கள் பெருகுவதற்கோ வாரக்கணக்கில் ஆகும். இக்காரணத்தால் இந்திய இராணுவத்தில் 9,000 முதல் 12,000 அடி வரையிலான உயரத்தில் ஆறு நாட்கள் பழகுவது விதியாயிற்று. முதல் இரு நாட்கள் ஓய்வு. பின்னர் மெதுவான நடை. அதன்பின் சிறு ஏற்றங்கள். மேலும் உயரே செல்லும் ஒவ்வொரு கட்டத்திற்கும் தனித்தனியே நாட்கள் ஒதுக்கப்படுகின்றன.

தலைமுறை தலைமுறையாக மலையில் வாழ்வோரின் உடலமைப்பு வேறு. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மக்களுக்கு ஹீமோகுளோபின் மிகுந்து காணப்படுகிறது. திபெத்திய மக்களிடம் அவ்வாறு மிகுவதில்லை. இரத்தம் அளவுக்கு மீறித் தடிக்காமல் காக்கும் மரபணு மாற்றம் அவர்களிடம் உள்ளதை 2010-இல் வெளியான ஆய்வுகள் காட்டின.

எனினும் மரபணுவைக் கொண்டு மட்டும் குளிரை வெல்ல முடியாது. லடாக்கிய வீடு வெயிலில் உலர்த்திய மண்கல்லால் ஆனது. தடித்த சுவர் பகலின் வெப்பத்தை ஏற்று இரவில் வெளியிடும். சாளரங்கள் தெற்கு நோக்கியிருக்கும். கீழ்த்தளத்தில் கால்நடைகள் இருப்பதால் மேல்தளத்திற்கு வெப்பம் கிட்டும். குளிர்காலத்தில் குடும்பம் முழுவதும் அடுப்பைச் சுற்றி ஒரே அறையில் கூடும். வறுத்த பார்லி மாவும் உப்பிட்ட வெண்ணெய்த் தேநீரும் உடலுக்கு வேண்டிய வெப்பத்தைத் தருகின்றன.

ஆண்டுக்கு ஏறத்தாழ 100 மில்லிமீட்டர் மழையே பெறும் லே பகுதியில் பனிநீரே வேளாண்மைக்கு உயிர். விதைப்புக் காலத்தில் உயரத்துப் பனியாறுகள் உருகத் தொடங்குவதில்லை. ஊரக வளர்ச்சித் துறைப் பொறியாளராகப் பணியாற்றிய செவாங் நோர்பெல், வீணாகும் குளிர்கால ஓடைநீரை ஊருக்கு அருகே நிழல் விழும் சரிவுகளில் தேக்கி உறையவைத்தார். தாழ்ந்த இடத்திலுள்ள அப்பனி, விதைப்புக்கு வேண்டும்பொழுதே உருகுகிறது. இப்பணிக்காக அவருக்கு 2015-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இன்று மலையில் சிமெண்டுக் கட்டடங்கள் பெருகி வருகின்றன. வெப்பத்தைத் தேக்கும் ஏற்பாடு இல்லாத மெல்லிய சுவர்களுக்குள் எரிபொருள் மிகுதியாகச் செலவாகிறது. பழமை அனைத்தும் குறையற்றதன்று. 2010 ஆகஸ்டில் லேயில் பெய்த பெருமழையில் மண்வீடுகள் பல இடிந்தன. ஆகவே மண்சுவரின் பயனையும் கட்டடப் பொறியியலின் உறுதியையும் இணைப்பதே அறிவுடைமை. பள்ளியோ மருத்துவமனையோ கட்டுமுன், கதிரவன் எத்திசையில் எவ்வளவு நேரம் காய்கிறான் என்பதை அறிதல் வேண்டும். பணிக்கு அனுப்பப்படும் ஊழியருக்கும் கூலித் தொழிலாளிக்கும், படைவீரருக்குப் போலவே, பழகும் நாட்களைப் பணி நாட்களாகக் கணக்கிடல் வேண்டும். சமவெளியில் வரையப்படும் திட்டமும் மலையேறுமுன் மலைக்குப் பழகிக்கொள்ள வேண்டும்.