ஆறு நாள் மௌனம்
(பெற்றோர் கூட்டத்தில் நம் அறக்கட்டளை சார்பில் ஆற்றிய உரை)



மக்ரிப் தொழுகை முடிந்த கையோடு வேலையையும் சமையலையும் ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அதிக நேரம் எடுக்க மாட்டோம். பிள்ளைகள் செல்போனில் விளையாடும் கேம் பற்றிப் பேசச் சொன்னீர்கள். விளையாடலாமா, கூடாதா என்ற பேச்சை நம் வீடுகளில் தினமும் பேசுகிறோம். இன்று வேறு ஒன்றைப் பேச வந்திருக்கிறோம். கேம் ஆட நம் பிள்ளை ஒரு கம்பெனியிடம் பெயர், பிறந்த தேதி, அத்தாவின் போன் நம்பர், சில நேரம் கார்டு நம்பர்வரை கொடுக்கிறான். அது திருடு போனால் என்ன நடக்கும்? அப்போது யார் யாரிடம் என்ன சொல்ல வேண்டும்?

இதற்குப் பாடமாக ஒரு பெரிய சம்பவம் இருக்கிறது. பிரான்சிலிருந்து மாமாவோ மச்சானோ லீவுக்கு வரும்போது கொண்டுவரும் பிளேஸ்டேஷன் பெட்டியை இங்கே பலர் பார்த்திருப்பீர்கள். அது ஜப்பானின் சோனி கம்பெனியுடையது. அந்தப் பெட்டிகளை இணையத்தில் இணைக்கும் சேவைக்குள் 2011 ஏப்ரல் நடுவில் திருடர்கள் புகுந்தார்கள். ஏப்ரல் 20 அன்று கம்பெனி சேவையை நிறுத்தியது. வெளியாள் புகுந்திருப்பதாக இரண்டு நாள் கழித்து ஒரு வரி வந்தது. ஆனால் ‘உங்கள் பெயர், முகவரி, மின்னஞ்சல், பிறந்த தேதி, கடவுச்சொல் எல்லாம் போயிருக்கலாம், கார்டு நம்பர் போகவில்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாது’ என்று வாடிக்கையாளரிடம் சொன்னது ஏப்ரல் 26 அன்றுதான். மொத்தம் 7 கோடியே 70 லட்சம் கணக்குகள்.

மக்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. சிலருக்கு ஒரே கவலை, ‘எப்போது மறுபடி ஆடலாம்?’ சில பெற்றோர் ஓடிப்போய் கார்டை முடக்கினார்கள். அறிவிப்பு வந்த மறுநாளே அமெரிக்காவில் ஒருவர் கோர்ட்டுக்குப் போனார். அந்த நாட்டு செனட்டர் ஒருவர் கண்டித்துக் கடிதம் எழுதினார். இவர்கள் கோபத்தின் குரலைக் கேட்டால், ‘ஏன் திருடு போனது?’ என்பதைவிட ‘ஏன் எங்களிடம் முதலிலேயே சொல்லவில்லை?’ என்பதுதான் உரக்கக் கேட்டது. பூட்டு உடைவது எந்த வீட்டிலும் நடக்கும். உடைந்தது தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு இருந்ததைத்தான் அவர்களால் பொறுக்க முடியவில்லை.

கம்பெனி தரப்பையும் சொல்வதுதான் நியாயம். என்ன போனது என்று நிபுணர்களை வைத்து ஆராய்ந்து தெரிந்துகொள்ளவே அத்தனை நாள் ஆனது என்றார்கள். மே 1 அன்று டோக்கியோவில் கம்பெனியின் பெரிய அதிகாரிகள் மூன்று பேர் மேடையில் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டார்கள். மே நடுவிலிருந்து சேவை படிப்படியாகத் திரும்பியது. இலவசமாகச் சில கேம்கள் கொடுத்தார்கள். பெரும்பாலோர் திரும்பவும் ஆடப் போனார்கள். ஆனாலும் 2013 ஜனவரியில் பிரிட்டனின் தகவல் பாதுகாப்பு ஆணையர், மென்பொருளைப் புதுப்பித்து வைத்திருந்தால் இந்தத் திருட்டைத் தடுத்திருக்கலாம் என்று சொல்லி, இரண்டரை லட்சம் பவுண்டு அபராதம் போட்டார்.

இது எங்கோ வெளிநாட்டில் நடந்ததுதானே என்று நினைக்க வேண்டாம். 2024-ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டுக் கம்பெனியின் வாடிக்கையாளர் விவரங்கள் டெலிகிராமில் வெளியாயின. 3 கோடிக்கு மேற்பட்டவர்களின் விவரம் தன்னிடம் இருப்பதாகத் திருடியவனே பெருமை அடித்துக்கொண்டான். கம்பெனி சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே போனதில் மருத்துவ அறிக்கைகளும் இருந்தன. கேம் கணக்கு போனால் கடவுச்சொல்லை மாற்றலாம். நோயின் பெயர் வெளியே போனால் எதை மாற்றுவது?

நம் மார்க்கத்தில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது, அமானிதம். மக்காவில் பெருமானார் (ஸல்) அவர்களை எதிர்த்தவர்கள்கூடத் தங்கள் பொருளை அவர்களிடம் கொடுத்து வைத்திருந்தார்கள். உயிருக்கே ஆபத்து என்று ஊரைவிட்டுப் புறப்பட்ட நேரத்திலும், அந்தப் பொருள்களை உரியவர்களிடம் ஒப்படைக்க அலீ (ரலி) அவர்களை விட்டுச் சென்றார்கள். கொடுத்தவர் யார் என்று பார்க்கவில்லை. கொடுத்தது அமானிதம், அவ்வளவுதான். பெயரும் போன் நம்பரும் ஆதார் நகலும்கூட அப்படித்தான் என்று நாங்கள் நினைக்கிறோம்.

இப்படிச் சொல்ல எங்களுக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். கேட்க வேண்டும். அதனால் எங்கள் குற்றத்தையும் இந்தக் கூட்டத்தில் சொல்லிவிடுகிறோம்.

சென்ற ரமலானில் மளிகைப் பொருள் உதவி பெறும் நாற்பது குடும்பங்களின் பட்டியல் எங்கள் நிர்வாகக் குழுவுக்குப் போக வேண்டியது. பெயர், வீதி, போன் நம்பர் எல்லாம் அதில் உண்டு. கை தவறி, முந்நூறு பேர் உள்ள வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டோம். ஒரு மணி நேரத்தில் நீக்கினோம். யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்று எங்களுக்கு நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டு, யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு தாய் அலுவலகத்துக்கு வந்தார். ‘உங்களுக்கு உதவித்தொகை சேங்ஷன் ஆகியிருக்கிறது, ஓடிபி சொல்லுங்கள்’ என்று அறக்கட்டளையின் பெயரைச் சொல்லியே யாரோ போன் செய்திருக்கிறார்கள். நல்லவேளை, அவர் சொல்லவில்லை. உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தோம். அவர் சொன்னது இதுதான்: “பணம் ஒண்ணும் போகல பாய். ஆனா நான் உங்ககிட்ட உதவி வாங்குறது என் சம்பந்தி வீட்டுக்குத் தெரிஞ்சு போச்சு. அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, நானே முந்திக்கிட்டு அவங்ககிட்ட சொல்லியிருப்பேன்ல?”

அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. அந்தப் பெரிய கம்பெனி வாயைத் திறக்க ஆறு நாள் ஆனது. நாங்கள் பதினான்கு நாள் மௌனமாக இருந்தோம். அவர்களாவது ஆராய்ந்துகொண்டிருந்தோம் என்றார்கள். எங்களுக்கு எல்லாம் தெரிந்தே இருந்தது. சொல்ல வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

அதன்பிறகு நாற்பது வீட்டுக்கும் நேரில் போய்ச் சொன்னோம். சிலர் திட்டினார்கள். பலர் டீ கொடுத்தார்கள். இப்போது பட்டியல் ஒரே கம்ப்யூட்டரில் பூட்டி இருக்கிறது. பெயருக்குப் பதில் நம்பர் போட்டுத்தான் வெளியே எடுக்கிறோம். வேலை முடிந்த ஆதார் நகல்களைக் கிழித்துவிடுகிறோம். இனித் தவறு நடந்தால் அன்றைக்கே சொல்வோம், இன்ஷா அல்லாஹ்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம். கேம் கணக்கில் ஏதோ கோளாறு என்று பிள்ளைக்குத்தான் முதலில் தெரியும். ‘இலவச காயின்’ என்று வந்த லிங்கைத் தொட்டிருப்பான். அவன் ஏன் உங்களிடம் சொல்வதில்லை? போனைப் பிடுங்கிவிடுவீர்கள், அடி விழும் என்ற பயம். எங்களை வாய் மூட வைத்தது வெட்கம். அவனை வாய் மூட வைப்பது பயம். இரண்டாலும் நஷ்டம்தான் வளர்கிறது.

சொல்வதற்குத் தாமதமானால் பணக்கணக்கிலும் நஷ்டம் உண்டு. 2017-ல் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, வங்கியின் தவறும் இல்லாமல் நம் தவறும் இல்லாமல் வேறு எங்கோ நடந்த கோளாறால் நம் கணக்கில் பணம் போயிருந்தால், வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாளுக்குள் புகார் சொன்னால் நமக்கு நஷ்டம் இல்லை. நான்கிலிருந்து ஏழு நாள் ஆகிவிட்டால் ஒரு பங்கு நம் தலையில். ஓடிபியை நாமே சொல்லிக் கொடுத்திருந்தால், புகார் சொல்லும்வரை போனது முழுக்க நம்முடையதுதான். பயந்து மறைக்கிற பிள்ளை ஒவ்வொரு நாளும் உங்கள் பணத்தைச் செலவழித்துக்கொண்டிருக்கிறான்.

சட்டம் காப்பாற்றாதா என்று கேட்கலாம். ஓரளவுக்குக் காப்பாற்றும். 2022 அக்டோபர் 1 முதல் நம் நாட்டில் கடைகளும் ஆப்களும் முழு கார்டு நம்பரைச் சேமித்து வைக்கக் கூடாது. 2023-ல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக அமலுக்கு வருகின்றன. தகவல் திருடு போனால் கம்பெனி பாதிக்கப்பட்டவரிடமே சொல்ல வேண்டும், 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையின் தகவலுக்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. அபராதம் 250 கோடி ரூபாய்வரை போகலாம். ஆனால் அந்தத் தொகை அரசின் கருவூலத்துக்குப் போகும், உங்கள் கைக்கு வராது. ஆகவே நம் வேலையை நாம்தான் பார்க்க வேண்டும்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கேமுக்கு வைத்த கடவுச்சொல்லை மின்னஞ்சலுக்கோ வங்கிக்கோ வைக்காதீர்கள். பல வீடுகளில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான், பெரும்பாலும் பிள்ளையின் பெயரும் பிறந்த வருடமும். ஒரு சாவி போனால் எல்லாக் கதவும் திறக்கும். கேம் கணக்கில் கார்டைச் சேர்க்க வேண்டாம். இரண்டாவது சரிபார்ப்பு என்ற வசதியைப் போட்டுவையுங்கள். திருட்டுச் செய்தி வந்தபின் ‘உங்கள் கணக்கைச் சரிசெய்கிறோம்’ என்று வரும் போனையும் லிங்கையும் நம்பாதீர்கள். திருடனே மறுபடி வருகிற வழி அது. பணம் போனது தெரிந்தால் உடனே வங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் போன் செய்யுங்கள். புதுவை சைபர் கிரைம் போலீசிலும் புகார் கொடுக்கலாம். வழி தெரியாவிட்டால் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். நம் பிள்ளைகள் இருவர் அசருக்குப் பிறகு அங்கே இருப்பார்கள், கூட வருவார்கள்.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, ‘கேமில் ஏதாவது தப்பு நடந்தா முதல்ல என்கிட்ட சொல்லு, சொன்னதுக்காக அடிக்க மாட்டேன்’ என்று சொல்லுங்கள். சொன்ன வார்த்தையைக் காப்பாற்றுங்கள். அவன் உங்களை நம்பிச் சொல்வதும் ஓர் அமானிதம்தான்.

அந்தத் தாய் இன்று இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார். அவர் அனுமதி கேட்டுத்தான் இதைச் சொன்னோம். ‘பேரைச் சொல்லாதீங்க, மத்ததச் சொல்லுங்க’ என்றார். அவருக்கு எங்கள் நன்றி. அல்லாஹ் நம் அமானிதங்களைப் பேணும் பாக்கியத்தை நமக்குத் தருவானாக.

வஸ்ஸலாம்.