பரணிலிருந்து இறங்கிய பெட்டிகள்



மேடைக்கு இடதுபக்கம் நீள மேசையில் நிற்கிற விமானங்களையும் கப்பல்களையும் வரும்போதே பார்த்திருப்பீர்கள். அவற்றில் ஒன்றுகூட இந்த வருடம் வாங்கியது இல்லை. அத்தனையும் பாதியில் நின்றுபோனவை. பரணிலும் கட்டிலுக்கடியிலும் பீரோ மேலேயும் வருடக்கணக்கில் கிடந்தவை. வளைகுடாவிலிருந்து மாமா வாங்கி வந்தது, சிங்கப்பூர் போன அண்ணன் கொண்டுவந்தது, முதல் சம்பளத்தில் ஆசையாக வாங்கியது என்று ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு கதை உண்டு. இறக்கை ஒட்டியதும் நின்றது ஒன்று, பெயின்ட் பாதி அடித்ததும் நின்றது ஒன்று. இந்த வருடம் அவற்றையெல்லாம் கீழே இறக்கி, ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து முடித்தோம். எப்படி முடிந்தது என்பதைச் சொல்லத்தான் இந்த ஒலிபெருக்கி முன்னால் நிற்கிறேன்.

இந்தப் பொழுதுபோக்குக்குப் புதியவர்களாக இருப்பவர்களுக்காக இரண்டு வார்த்தை. ஸ்கேல் மாடல் என்றால் அளவு தப்பாத சிறு உருவம். ஒன்றுக்கு எழுபத்திரண்டு என்ற அளவில் ஆறடி மனிதன் ஓர் அங்குலம் ஆகிவிடுவான். பாகங்கள் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் காய்த்தமாதிரி தொங்கிக்கொண்டு வரும். வெட்டி எடுத்து, தேய்த்து, ஒட்டி, பெயின்ட் அடித்து, அடையாளச் சின்னங்களை ஒட்டி முடிக்க வேண்டும். 1939-ல் நிக்கோலஸ் கோவ் என்ற ஹங்கேரிக்காரர் இங்கிலாந்தில் தொடங்கிய ஏர்ஃபிக்ஸ் கம்பெனி, முதலில் காற்றடைத்த பொம்மையும் பிறகு சீப்பும் செய்துகொண்டிருந்தது. பெர்குசன் டிராக்டர் கம்பெனி தன் விற்பனையாளர்கள் கையில் கொடுக்க ஒரு சின்ன டிராக்டர் மாடல் கேட்டது. பாகங்களை ஒட்டித் தருவது அதிக வேலை என்று தெரிந்ததும், ஒட்டாமலேயே பெட்டியில் போட்டு விற்றார்கள். 1952-ல் பிரான்சிஸ் டிரேக்கின் கோல்டன் ஹைண்ட் கப்பல் வந்தது, அடுத்த வருடம் ஸ்பிட்ஃபயர் விமானம். ஆக, முடித்துக் கொடுக்கும் பொறுப்பு ஆரம்பத்திலேயே தொழிற்சாலையை விட்டு வாங்கியவர் கைக்கு வந்துவிட்டது. அந்தப் பொறுப்பு எவ்வளவு பெரியது என்பது பத்தே வருடத்தில் தெரிந்தது. 1963-ல் பிரிட்டனில் பிளாஸ்டிக் மாடல் செய்பவர்கள் ஒன்றுசேர்ந்து சங்கம் வைத்தார்கள். இன்று அதற்குப் பல நாடுகளில் கிளைகள் இருக்கின்றன.

தனியாக அறைக்குள் உட்கார்ந்து செய்கிற வேலைக்குச் சங்கம் எதற்கு என்று நெடுநாள் எனக்குக் கேள்வி இருந்தது. இந்த ஒரு வருடத்தில் அதற்குப் பதில் கிடைத்தது.

ஒரு கிட், அதாவது பாகங்களாக வரும் மாடல் பெட்டி, எந்த இடத்தில் நிற்கிறது என்று எங்கள் மேசையில் விசாரித்துப் பார்த்தோம். எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடத்தைத்தான் சொன்னார்கள். விமானத்தின் உடல் இடது பாதி, வலது பாதி என்று இரண்டாக வரும். சேர்த்து ஒட்டினால் முதுகிலும் வயிற்றிலும் ஒரு கோடு நிற்கும். அதைப் பட்டி வைத்து அடைத்து, வாட்டர் பேப்பரால் தேய்க்க வேண்டும். போய்விட்டது என்று நினைத்துப் பெயின்ட் அடிப்போம். பெயின்ட் காய்ந்ததும் அந்தக் கோடு திரும்ப எழுந்து நிற்கும். மறுபடி பட்டி, மறுபடி தேய்ப்பு. மூன்றாவது தடவை கோடு தெரியும்போதுதான் பெட்டி பரணுக்குப் போகிறது. ஆசை குறைந்து யாரும் நிறுத்துவதில்லை ஐயா. ஒரே ஒரு இடத்தில் கைக்கு வழி தெரியாமல்தான் நிறுத்துகிறார்கள்.

எங்கள் மேசைக்கு ஓர் அண்ணன் வருகிறார். கார் டிங்கரிங் பட்டறையில் வாழ்நாள் முழுக்கப் பட்டி பார்த்தவர். அவருக்கு விமானத்தைப் பற்றி எதுவும் தெரியாது. மகன் விட்டுப்போன பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். இந்தக் கோட்டுப் பிரச்சினையைக் கேட்டுவிட்டு, "ஒரே பூச்சுல அடைக்கக் கூடாது தம்பி, காய்ஞ்சா உள்ள இறங்கிடும். மெல்லிசா மூணு பூச்சு வை, ஒவ்வொண்ணும் நல்லா காயட்டும். கலருக்கு முன்னாடி சாம்பல் பிரைமர் அடி. டார்ச்சைச் சாய்ச்சுப் பிடிச்சுப் பாரு, பள்ளம் தானா தெரியும்" என்றார். அவ்வளவுதான். அன்று மேசையில் நின்றுகிடந்த விமானங்கள் எல்லாவற்றுக்கும் உயிர் வந்தது. கார் கதவுக்குச் சொன்ன பாடம் ஒரு சாண் நீள விமானத்துக்கும் அப்படியே பொருந்தியது. புத்தகத்தில் இதே செய்தி இருக்கிறது, நானும் படித்திருக்கிறேன். ஆனால் அவர் கட்டைவிரலால் தடவிப் பார்த்து "இன்னும் இருக்கு" என்று சொல்லும்போது நம் விரலும் அந்த மேட்டை உணரக் கற்றுக்கொள்கிறது. அதை எந்தப் புத்தகமும் தராது.

இன்னொரு காரணமும் உண்டு. வீட்டில் தனியாக இருக்கும்போது நம் கண் முன்னால் இருப்பது பெட்டியின் மூடி. ஏர்ஃபிக்ஸ் பெட்டிகளுக்கு ராய் கிராஸ் வரைந்த ஓவியங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மேகத்தைக் கிழித்துக்கொண்டு, எந்திரம் உறுமிக்கொண்டு, வானமே அதிர வருகிற விமானம். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பசை வழிந்த நம்முடைய இறக்கையைப் பார்த்தால் மனசு விட்டுப்போகும். எல்லோரும் சேர்ந்து உட்காரும்போது பக்கத்தில் இருப்பது அடுத்தவருடைய பாதி வேலை. அவருக்கும் பசை வழிந்திருக்கிறது, அவரும் துடைத்துக்கொண்டிருக்கிறார். அந்தக் காட்சி தருகிற தெம்பை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். அடுத்த மாதம் "என்ன தம்பி, அந்தச் சக்கரம் என்ன ஆச்சு?" என்று யாராவது கேட்பார்கள் என்பதும் ஒரு பலம். கேட்பதற்கு ஆள் இருந்தால் கை தானாக வேலைக்குப் போகிறது.

மேசையின் நடுவில் இருக்கும் எம்டன் கப்பலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதைச் செய்தவர் ஒரு வக்கீல் குமாஸ்தா. தினமும் உயர் நீதிமன்ற மதிலில் பதித்திருக்கும் எம்டன் கல்வெட்டைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறார். 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுத் தீ வைத்தது நம் ஊரே அறிந்த கதை. அந்தக் கல்வெட்டைப் பார்த்துப் பார்த்து வந்த ஆசையில்தான் அவர் எம்டன் கிட்டை வாங்கினார். ஒன்றுக்கு முந்நூற்றைம்பது அளவு. 118 மீட்டர் கப்பல் சுமார் 34 சென்டிமீட்டராக நிற்கிறது. உடலும் மூன்று புகைபோக்கிகளும் பத்து பீரங்கிகளும் ஏறிவிட்டன. நின்றது எங்கே தெரியுமா? இரண்டு பாய்மரக் கம்பங்களுக்கு நடுவே ஓடும் வயர்லெஸ் கம்பிகளில். தையல் நூல் போட்டால் அந்த அளவுக்குத் தாம்புக்கயிறு மாதிரி தடியாகத் தெரியும், நாரும் பிசிறும் வேறு. கப்பல் பெட்டிக்குள் போய்விட்டது.

எங்கள் கூட்டத்தில் ஆரி வேலை செய்யும் அக்கா ஒருவர் இருக்கிறார். கல்யாண ரவிக்கைகளுக்கு ஊசியால் பூ வைக்கும் கை. மகளோடு துணைக்கு வந்தவர், குமாஸ்தா படுகிற பாட்டைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கிட்டின் பாகங்களை வெட்டியெடுத்த பிறகு மிஞ்சும் பிளாஸ்டிக் சட்டத்துண்டு ஒன்றை எடுத்துக்கொடுத்தோம். மெழுகுவர்த்திச் சுடருக்குள் விடாமல், சற்று மேலே பிடித்து மெதுவாக உருட்ட வேண்டும். நடுப்பகுதி பளபளத்துத் தொய்யும். அந்த நொடியில் சுடரை விட்டு விலக்கி, ஒரு மூச்சு பொறுத்து, இரண்டு கையையும் சீராக விலக்கினால் பிளாஸ்டிக் நீண்டுகொண்டே போகும். அவசரப்பட்டால் அறுந்துவிடும், தயங்கினால் தடித்துவிடும். அக்காவுக்குச் சீக்கிரமே பிடி கிடைத்துவிட்டது. தலைமுடி அளவு மெல்லிய இழை அவர் கைகளுக்கு நடுவே ஒரு முழத்துக்கு நின்றது. அதை அளந்து வெட்டி, ஊசி முனையில் வெள்ளைப் பசை தொட்டு, கம்பத்துக்குக் கம்பம் வைத்தார். காய்ந்ததும் இழைகள் லேசாகத் தொய்ந்திருந்தன. குமாஸ்தா முகம் வாடிவிட்டது. ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி, கங்கு இழையில் படாமல் அடியில் காட்டச் சொன்னோம். சூடு பட்டதும் இழை சுருங்கி, வீணைக் கம்பி மாதிரி விறைத்து நின்றது. சுற்றியிருந்தவர்கள் கைதட்டிவிட்டார்கள்!

அக்கா அந்தக் கப்பலின் வரலாற்றை அன்றே கேட்டுத் தெரிந்துகொண்டார். அமைதிக் காலத்தில் வெள்ளைப் பெயின்ட் பூசி "கிழக்கின் அன்னம்" என்று பேர் வாங்கியது, போர் வந்ததும் சாம்பல் நிறத்துக்கு மாறியது, பினாங்கில் பொய்யாக நான்காவது புகைபோக்கி வைத்து ஏமாற்றியது, 1914 நவம்பர் 9-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பலிடம் அடிபட்டு கோகோஸ் தீவுகளில் தரைதட்டியது எல்லாம் இப்போது அவர் வாயாலேயே கேட்கலாம். கூட்டம் முடிந்ததும் அவரிடம் கேளுங்கள், சுவையாகச் சொல்வார்.

மழைக்காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐப்பசி, கார்த்திகையில் லாக்கர் பெயின்ட் அடித்தால் காற்றின் ஈரம் படிந்து மேலே வெள்ளையாகப் பூத்துவிடும். அந்த இரண்டு மாதமும் ஒட்டும் வேலை மட்டும், பெயின்ட் தையில் என்று வைத்துக்கொண்டோம். பெயின்ட்டும் பசையும் எடுத்தால் சன்னல்கள் முழுக்கத் திறந்திருக்க வேண்டும் என்பதும் எங்கள் மேசையின் கண்டிப்பான விதி.

மேசையின் ஓரத்தில் நாட் விமானம் நிற்கிறது. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் விமானதளத்தைப் பாகிஸ்தானின் ஆறு சேபர் விமானங்கள் தாக்கியபோது, குண்டு விழுந்துகொண்டிருந்த ஓடுபாதையிலிருந்து நிர்மல்ஜித் சிங் சேகோன் மேலேற்றிய விமானம் இந்த வகைதான். இந்திய விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்றவர் அவர் ஒருவரே. இதைச் செய்தவர் கல்லூரி மாணவர். அவருடைய தாத்தா விமானப்படையில் தரைப்பணியாளராக இருந்தவர். கிட்டோடு வந்த, அடையாளச் சின்னங்கள் அச்சிட்ட டீகால் தாள் பரணில் கிடந்து மஞ்சள் பூத்துவிட்டது. காவி, வெள்ளை, பச்சை வட்டத்தில் வெள்ளை மஞ்சளாக இருந்தால் எப்படி ஒட்டுவது? கூட்டத்தில் மூத்தவர் ஒருவர் வழி சொன்னார். தாளைச் சன்னல் கண்ணாடியில் உள்பக்கமாக வெயில் பார்க்க ஒட்டிவை, மஞ்சளை வெயில் தின்றுவிடும் என்றார். அப்படியே நடந்தது. பழைய டீகால் தண்ணீரில் போட்டதும் நொறுங்கும் என்பதால், மேலே தெளிந்த வார்னிஷ் ஒரு பூச்சு அடித்து, காய்ந்த பிறகு ஓரம் ஒட்டி வெட்டி எடுத்தார்கள். பேரன் அந்த வட்டத்தை இறக்கையில் வைக்கும்போது தாத்தா எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

முதல் வரிசையில் இருக்கும் ஸ்பிட்ஃபயர் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு சகோதரி அதைப் பெட்டியோடு கொண்டுவந்து கொடுத்தார். அப்பா ஆரம்பித்தது, அப்பா இப்போது இல்லை. உள்ளே இருந்த செய்முறைத் தாளில் ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் அவர் நீல மையில் டிக் போட்டிருக்கிறார். இறக்கை ஒட்டும் கட்டத்தோடு டிக் நின்றுவிட்டது. "நீங்களே முடித்துக் கொடுத்துவிடுங்கள்" என்றார் அந்தச் சகோதரி. நாங்கள் சம்மதிக்கவில்லை. பக்கத்தில் உட்கார வைத்து, கத்தி பிடிக்கவும் பசை தொடவும் சொல்லிக்கொடுத்தோம். மீதிக் கட்டங்களுக்கு அவரே டிக் போட்டார். அந்தத் தாள் விமானத்தின் பக்கத்தில் கண்ணாடிச் சட்டத்தில் இருக்கிறது, போகும்போது பாருங்கள்.

வளர்ந்த மனிதர்களுக்கு இதெல்லாம் தேவையா, இது சின்னப்பிள்ளை விளையாட்டு அல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் பணிவோடு, ஆனால் உறுதியோடு சொல்கிறேன்: பட்டறை அண்ணனும் ஆரி வேலை அக்காவும் வக்கீல் குமாஸ்தாவும் கல்லூரி மாணவரும் ஒருவருக்கொருவர் ஆசிரியராகவும் மாணவராகவும் உட்காரும் மேசைகள் இந்த நகரத்தில் மிகக் குறைவு. சாதி கேட்காமல், சம்பளம் கேட்காமல், "உங்களுக்கு என்ன தெரியும், எனக்குச் சொல்லிக்கொடுங்கள்" என்று மட்டுமே கேட்கிற இடம் இது. ஊருக்கு இப்படி ஓர் இடம் வேண்டும் என்று நான் மனப்பூர்வமாக நம்புகிறேன்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த மாடியை எங்களுக்குத் திறந்துவிடும் நூலகர் அம்மாவிடம் ஒரு வேண்டுகோள். இந்த மேசையை நிரந்தரமாக்கித் தாருங்கள். கூடவே ஒரு சிறிய அலமாரியும் தாருங்கள். மிஞ்சிய சக்கரங்கள், உடைந்த கிட்டுகளின் பாகங்கள், பாதி தீர்ந்த பெயின்ட் டப்பாக்கள் அதில் பொதுச்சொத்தாக இருக்கட்டும். ஒருவருக்குத் தொலைந்துபோன பாகம் இன்னொருவர் டப்பாவில் கிடைத்ததை இந்த வருடம் பலமுறை பார்த்தோம்.

தாய்மார்களே, பரண் சுத்தம் செய்யும்போது அப்படி ஒரு பெட்டி கையில் கிடைத்தால் தயவுசெய்து பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பாகம் குறைந்திருந்தாலும், பசை காய்ந்திருந்தாலும், மூடி கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. அடுத்த மாதம் முதல் ஞாயிறு, காலை பத்து மணி, இதே மாடி. பெட்டியோடு வாருங்கள், பெட்டிக்கு உரியவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். கத்தி, பசை, வாட்டர் பேப்பர், டீ எல்லாம் நாங்கள் தருகிறோம்.