குதிகாலில் ஒரு துளி இரத்தம்: பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் உரியது

(திருப்பதியில் ஆஷா ஊழியர்களிடையே ஆற்றப்பட்ட உரையின் தமிழ் வடிவம்)



பிரசவம் முடிந்து வீடு திரும்பும் தாயின் மடியில் குழந்தை அமைதியாக உறங்குகிறது, அதிகம் அழுவதில்லை. தொல்லை தராத குழந்தை என்று பாட்டி மகிழ்கிறார். சில வேளைகளில் அந்த அமைதியே நோயின் அடையாளம் என்பதை அவர் அறியமாட்டார்.

தைராய்டு சுரப்புக் குறைவோடு பிறக்கும் குழந்தைக்கு முதல் இரண்டு வாரங்களுக்குள் தைராக்சின் மாத்திரை தொடங்கப்பட்டால், அது பிற குழந்தைகளைப் போலவே வளரும், பள்ளி செல்லும். சில மாதங்கள் தாமதித்தாலோ, மூளை வளர்ச்சியில் நேரும் இழப்பை எந்த மருந்தாலும் ஈடுசெய்ய இயலாது. மரபுவழி வரும் அட்ரீனல் சுரப்பிக் குறைபாடு இன்னும் கொடியது. இரண்டாம், மூன்றாம் வாரத்திலேயே உடலின் உப்பு வெளியேறி உயிரைப் பறிக்கும். வாந்தியால் இறந்தது என்றே ஊரார் கருதுவர்.

இவற்றைக் கண்டறியும் வழி எளியது. பிறந்து 48 மணி நேரம் கடந்தபின் குதிகாலில் ஊசியால் குத்தி, சில துளி இரத்தத்தை உறிஞ்சுதாளில் எடுத்து உலர்த்தினால் போதும். உலர்ந்த தாளை அஞ்சலிலேயே ஆய்வகத்திற்கு அனுப்பலாம். குப்பத்தில் பிறந்த குழந்தைக்கும் சத்தியவேட்டில் பிறந்த குழந்தைக்கும் தொலைவு ஒரு தடையே அன்று.

இம்முறையை 1960களின் தொடக்கத்தில் பரவலாக்கியவர் அமெரிக்க விஞ்ஞானி இராபர்ட் கத்ரி. ஃபீனைல்கீட்டோனூரியா என்னும் மரபு நோய்க்காக அவர் உருவாக்கிய சோதனையை 1963இல் மாசசூசெட்ஸ் மாநிலம் சட்டப்படி கட்டாயமாக்கியது. பொதுப்பணத்தில் பிறந்த அச்சோதனையின் தயாரிப்பு உரிமை ஒரு தனியார் நிறுவனத்தின் கைக்குச் சென்றது. 500 சோதனைகளுக்கான பொதியைக் கத்ரி ஏறத்தாழ 6 டாலர் செலவில் தயாரித்தார். நிறுவனம் கோரிய விலையோ 262 டாலர். அவர் அதை எதிர்த்துப் போராடினார்; நிறுவனத்தின் தனியுரிமை பறிபோயிற்று. அறிவியல் மக்களுக்கா, இலாபத்திற்கா என்னும் கேள்வி இச்சோதனையின் பிறப்போடு பிறந்தது.

இந்தியாவில் கர்நாடகத்தில் 1980லேயே முன்னோடி முயற்சி தொடங்கியது. பின்னர் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் சென்னை, ஹைதராபாத் உள்ளிட்ட ஐந்து நகரங்களில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைச் சோதித்தது. தைராய்டு குறைபாடு 1,130 குழந்தைகளில் ஒன்றுக்கு இருந்தது. சென்னையில் மட்டும் 727இல் ஒன்றுக்கு. 1,130இல் ஒன்று என்னும் கணக்கே, ஆண்டுக்குப் பத்தாயிரம் பிரசவங்கள் நிகழும் இடத்தில் எட்டு, ஒன்பது குழந்தைகள் என்று பொருள்படும்.

சித்தூர், திருப்பதி வட்டாரங்களில் தெலுங்குக் குடும்பமாயினும் தமிழ்க் குடும்பமாயினும் மாமன் மகள், அத்தை மகன் உறவில் மணம் முடிப்பது பழைய வழக்கம். பெற்றோர் இருவரும் ஒரே மரபுக் குறையைச் சுமக்கும் வாய்ப்பு இதனால் கூடுகிறது. ஆயின் இதைச் சொல்லித் தாயைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது அநீதி. உறவில் மணம் செய்யாதோரின் குழந்தைக்கும் இந்நோய்கள் வரும். தைராய்டு குறைபாடு பெரும்பாலும் மரபுவழி வருவதே அன்று.

இன்றைய நிலை என்ன? நாடு முழுமைக்குமான இரத்தப் பரிசோதனைத் திட்டம் இல்லை. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் நோய்ப் பட்டியலில் தைராய்டு குறைபாடு இடம்பெற்றுள்ளது. ஆனால் பட்டியலில் உள்ள பெயர் நோயைக் கண்டுபிடிக்காது. வசதி படைத்தோர் தனியார் மருத்துவமனையில் பணம் கட்டிச் சோதித்துக்கொள்கின்றனர். கூலித் தொழிலாளியின் குழந்தைக்கு விதி என்னும் சொல்லே எஞ்சுகிறது. கேரளத்திலோ அரசு மருத்துவமனைகளில் இச்சோதனை இலவசமாக நடைபெறுகிறது. வழி இல்லை என்று எவரும் கூற இயலாது.

வழி ஏற்கெனவே ஆஷா ஊழியர்களின் காலடியில் இருக்கிறது. மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42ஆம் நாள்களில் அவர்கள் வீட்டிற்கே சென்று பார்க்கின்றனர். மூன்றாம் நாள், இரத்தம் எடுக்க ஏற்ற நாள். ஏழாம் நாள், முடிவு வந்து சேரவேண்டிய நாள். பதினான்காம் நாள், மாத்திரை தொடங்கியதா என உறுதிசெய்யும் நாள். இத்தனை நடைக்கும் சேர்த்து மைய அரசு நிர்ணயித்த ஊக்கத்தொகை ஒரு குழந்தைக்கு 250 ரூபாய்! ஊதியமின்றி மற்றொரு பொறுப்பை அவர்கள் தலையில் ஏற்றுவது திட்டமாகாது, சுரண்டலே ஆகும்.

சோதனை மட்டும் போதாது என்பதையும் மறத்தலாகாது. நோய் உண்டு எனத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, மருந்துக்கு வேலூருக்கோ சென்னைக்கோ செல்லுமாறு கைகாட்டினால், அறிந்தும் காப்பாற்ற முடியாத துயரமே மிஞ்சும்.

ஆகவே கோரிக்கைகள் தெளிவானவை. ஒவ்வொரு குழந்தைக்கும் இலவச இரத்தப் பரிசோதனை. மாவட்டந்தோறும் மாதிரிகளைச் சேகரித்து ஒரு வாரத்திற்குள் முடிவு தரும் பொது ஆய்வகத் தொடர்பு. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தடையற்ற மருந்து. ஆஷா ஊழியர்களுக்குப் பயிற்சியும் முறையான ஊதியமும். தைராக்சின் மாத்திரையின் விலை அற்பம். அது கிடைக்காமல் போகும் குழந்தை இழப்பதோ ஒரு முழு வாழ்வு. இக்கணக்கை ஊர்தோறும் எடுத்துச் செல்வதே இன்றைய கடமை.